மெய்நிகர் மேசையும் காணொளிக் கூட்டமும்

காலை ஒன்பது மணி. புக்கிட் மெர்தாஜாமில் தம் வீட்டிலிருந்தே பணிபுரியும் பொறியாளர் ஒருவர் கணினியின்முன் அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய தொழிற்சாலைக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. வாராந்தரக் கூட்டம் தொடங்குகிறது. இயந்திரம் ஒன்றில் கண்ட பழுதைப் பற்றி அவர் விளக்க முற்படுகிறார். குரல் துண்டு துண்டாகச் சிதறுகிறது. முகம் திரையில் உறைந்து நின்றுவிடுகிறது. இரண்டாம் முறை சொல்கிறார். மூன்றாம் முறையும் சொல்கிறார். "சரி, பிறகு பார்க்கலாம்" என்று தலைவர் அடுத்தவரை அழைத்துவிடுகிறார். சொல்லவேண்டியது சொல்லப்படாமலே கூட்டம் முடிகிறது.

இதில் ஒரு புதிர் உண்டு. அதே வீட்டில், அதே இணைய இணைப்பில், மாலையில் திரைப்படம் தடையின்றி ஓடுகிறது. அவ்வாறாயின் பழுது இணைப்பில் இல்லை, பேசியவரிடத்திலும் இல்லை. வேறு எங்கே இருக்கிறது? பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இன்று எழும் இக்கேள்விக்கு விடை காண, அந்தக் கணினி உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மெய்நிகர் மேசை என்பது யாது?

பொறியாளரின் முன் இருப்பது பெயருக்கே கணினி. அவர் எழுதும் கடிதமும் திறக்கும் வரைபடமும் அதில் இல்லை. அவை தொலைவில் உள்ள தரவு மையம் ஒன்றில், சர்வர் எனப்படும் பெருங்கணினியினுள் இருக்கின்றன. அப்பெருங்கணினி தன்னைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு தனிக் கணினி இருப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. இதுவே மெய்நிகர் மேசை. வீட்டில் உள்ள கருவி, அம்மேசையைக் காட்டும் பலகணி மாத்திரமே. அதனை முனையம் என்பர். விசைகளின் தட்டல் முனையத்திலிருந்து தரவு மையத்துக்குப் போகிறது. திரையின் படம் அங்கிருந்து திரும்பி வருகிறது.

இந்த ஏற்பாட்டை நிறுவனங்கள் விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. முனையம் களவுபோனாலும் ஆவணங்கள் போவதில்லை. ஆயிரம் கணினிகளைத் தனித்தனியே பழுது பார்ப்பதற்குப் பதிலாக ஓரிடத்தில் பார்த்துவிடலாம். 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தோன்றியது முதல் பினாங்கு மின்னணுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பின்னர்ப் பெருநிலத்திலும் பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் என்று ஆலைகள் பெருகின. மின்னணுத் தொழிலில் வரைபடமே செல்வம். அதனை வெளியே விடாமல் காக்கும் மேசை இத்தகைய தொழிலுக்கு மிகப் பொருத்தமானது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய அலுவல்கள் யாவும் வீட்டுக்கு வந்தன. மெய்நிகர் மேசையும் காணொளிக் கூட்டமும் அன்று ஒன்றாகக் கைகோத்தன. ஆணை நீங்கிய பின்னரும் அப்பழக்கம் நீங்கவில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இயல்பாகப் பொருந்துவன அல்ல.

எழுத்துக்கு ஏற்றது, முகத்துக்கு ஏற்றதன்று

மெய்நிகர் மேசை ஒரு சிக்கனத்தின்மீது கட்டப்பட்டது. திரை முழுவதையும் அது மீண்டும் மீண்டும் அனுப்புவதில்லை. மாறிய பகுதியை மட்டுமே அனுப்புகிறது. கடிதம் எழுதுகையில் ஒரு விநாடியில் மாறுவன சில எழுத்துகளே. ஆதலின் மெல்லிய இணைப்பிலும் அது செவ்வையாக இயங்கும்.

மனித முகமோ ஓயாது அசைவது. உயர்தெளிவுப் படம் ஒன்றில் அகலத்தில் 1280, உயரத்தில் 720 என்று 921,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், விநாடிக்கு 30 படங்கள் என்று கணக்கிட்டால், விநாடிக்கு ஏறத்தாழ 663 மில்லியன் பிட் ஆகிறது. இதனை எந்த வீட்டு இணைப்பும் எளிதில் தாங்காது. ஆகையால் படத்தைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்துக்கொள்கிறார்கள். சுருக்கிய பின் 1.5 மில்லியன் பிட் அளவே போதுமானதாகிறது. நானூறில் ஒரு பங்காகக் குறைப்பதென்பது கணினிக்குக் கடும் உழைப்பு. அவ்வுழைப்பு எங்கே, எத்தனை முறை நடைபெறுகிறது என்பதில்தான் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மூன்று குறைகள்

முதற்குறை, வழியின் நீளம். பொறியாளரின் மெய்நிகர் மேசை அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் இருக்கிறது என்று கொள்வோம். அவரோடு பேசும் தோழரோ பாலத்துக்கு அப்பால் பாயான் லெப்பாஸில் இருக்கிறார். இருவருக்கும் இடையே நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் குரல் அந்தப் பாலத்தைக் கடந்து போவதில்லை. முதலில் 13,500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மேசைக்குப் போகிறது; அங்கே கூட்டத்தில் சேர்கிறது; பின்பு தோழரின் மேசை வழியாக அவ்வளவு தூரமும் திரும்பி வருகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் ஓடும். அவ்வேகத்திலும் இந்த 27,000 கிலோமீட்டர் வழிக்கு 135 மில்லி விநாடி ஆகும். மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லையாதலால் உண்மைக் காலம் இதனினும் கூடும்.

135 மில்லி விநாடி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் உரையாடலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போக 150 மில்லி விநாடிக்கு மேற்படாமல் இருத்தல் நலம் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 என்னும் பரிந்துரை கூறுகிறது. அதற்கு மேற்பட்டால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்குவர், இருவரும் நிறுத்துவர், மீண்டும் மோதிக்கொள்வர். வழியே 135 மில்லி விநாடியை விழுங்கிவிட்டால், சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் எஞ்சுவது 15 மட்டுமே. அது போதாது.

இரண்டாம் குறை, இரட்டை வேலை. முனையத்தின் காமிரா எடுத்த படம் சுருக்கப்பட்டு மேசைக்குப் போகிறது. அங்கே விரிக்கப்பட்டு, கூட்டத்துக்காக மறுபடியும் சுருக்கப்படுகிறது. தோழரின் மேசையில் அது மீண்டும் விரிக்கப்பட்டு, திரைப் படமாக இன்னொரு முறை சுருக்கப்பட்டு, அவருடைய முனையத்தில் இறுதியாக விரிக்கப்படுகிறது. தமிழ்க் கடிதம் ஒன்றை மலாயில் பெயர்த்து, அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதிலிருந்து மீண்டும் தமிழாக்கிப் படிப்பது போன்றது இது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் காலமும் போகிறது, தெளிவும் போகிறது.

மூன்றாம் குறை, நெரிசல். ஒரு பெருங்கணினியில் பலருடைய மேசைகள் குடியிருக்கின்றன. எல்லாரும் ஒரே கணத்தில் கடுமையாக வேலை செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இடம் பகிரப்பட்டது. ஒருவர் எழுதும்போது மற்றவர் படித்துக்கொண்டிருப்பார். ஆனால் கூட்டம் தொடங்கியதும் எல்லாருடைய காமிராவும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் ஓய்வின்றிச் சுருக்கும் வேலை நடக்கிறது. ஜூலைத் திங்களில் புனித அன்னம்மாள் திருவிழாவின்போது புக்கிட் மெர்தாஜாம் சாலைகளைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மற்ற நாட்களில் தாராளமாக இருக்கும் அதே சாலைதான் அன்று நகர முடியாமல் நிற்கிறது. கூட்டத்தில் இல்லாத ஊழியரின் மேசையும் அப்போது மந்தமாகிவிடுகிறது.

திரைப்படம் தடையின்றி ஓடுவதன் மருமமும் இங்கே தெளிவாகும். திரைப்படம் சில விநாடிகளுக்கு வேண்டியதை முன்னதாகவே சேமித்து வைத்துக்கொள்ளும். வழியில் சிறிது தாமதம் நேர்ந்தாலும் சேமிப்பிலிருந்து ஓடும். உரையாடலுக்கு அவ்வசதி இல்லை. இன்னும் பேசப்படாத சொல்லை எவரும் முன்னதாகச் சேமிக்க இயலாது.

குறுக்கு வழி

ஊழியர்கள் புகார் சொல்லும்போது, இணைப்பின் அகலத்தைப் பெருக்குவதே நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் எண்ணும் பரிகாரம். அதனால் பெரும்பயன் இல்லை. சாலையை அகலமாக்கினால் வழி குறுகிவிடாது. தக்க பரிகாரம், முகத்தையும் குரலையும் மேசைக்கு அனுப்பாமலே விட்டுவிடுவதாகும்.

அதன் வகை இவ்வாறு. கூட்டச் செயலி தொலைவில் உள்ள மேசையிலேயே இயங்கும். யார் யார் கூட்டத்தில் உள்ளனர், எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பவற்றை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் காமிராப் படத்தைச் சுருக்குவதும், குரலை அனுப்புவதும், வந்த படத்தை விரிப்பதும் வீட்டிலுள்ள முனையத்தின் வேலையாகிவிடும். முகம் தோன்றவேண்டிய இடத்தில் மேசை ஒரு வெற்றுச் சட்டத்தை மட்டும் அனுப்புகிறது. முனையம் அச்சட்டத்தினுள் தான் பெற்ற படத்தை வரைகிறது. இரண்டும் ஒன்றாகவே பார்ப்பவர் கண்ணுக்குப் படும்.

இப்போது கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். கூட்டச் சேவையின் இடைநிலையம் சிங்கப்பூரில் இருப்பின், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அதற்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 580 கிலோமீட்டர். போய் வர 1,200 கிலோமீட்டர் எனக் கொண்டாலும் ஒளிக்கு ஆவது 6 மில்லி விநாடி. 135 எங்கே, 6 எங்கே! அன்றியும் படம் ஒரே முறை சுருக்கப்பட்டு ஒரே முறை விரிக்கப்படுகிறது. பெருங்கணினியின் தோளிலிருந்து பெரும் பாரம் இறங்குகிறது. மூன்று குறைகளும் ஒரே மாற்றத்தால் தணிகின்றன.

இம்முறைக்குப் பெரிதும் துணைபுரிந்தது வெப்ஆர்டிசி என்னும் தொழில்நுட்பம். கூகுள் நிறுவனம் 2011-இல் அதனை யாவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 2021 ஜனவரியில் அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. சிட்ரிக்ஸ், விஎம்வேர், மைக்ரோசாப்ட் முதலியோரின் மெய்நிகர் மேசைகளில் டீம்ஸ் செயலி இத்தகைய வழியில் இயங்கலாயிற்று. 2024-இல் மைக்ரோசாப்ட் ஸ்லிம்கோர் என்னும் புதிய இயந்திரத்தை இதற்கெனக் கொண்டுவந்தது. ஸூம், வெபெக்ஸ் ஆகியவற்றுக்கும் முனையத்தில் நிறுவத்தக்க துணை நிரல்கள் உண்டு.

மேசையையே அருகில் கொண்டுவருவது மற்றொரு வழி. அமேசான் 2024-இலும் மைக்ரோசாப்ட் 2025-இலும் மலேசியாவில் தங்கள் தரவு மைய வட்டாரங்களைத் திறந்தன. மேசை அருகில் வந்தால் தட்டெழுத்தும் விரைவாகும். எனினும் இரட்டை வேலையும் நெரிசலும் அதனால் மட்டும் தீர்ந்துவிடா.

ஏமாற்றும் இடங்கள்

குறுக்கு வழியை அமைத்துவிட்டோம் என்று நிறுவனம் நம்பியிருக்கும். உண்மையில் அது இயங்காமலே இருக்கும். இதுவே நடைமுறையில் மிகுதியாக ஏமாற்றும் இடம். மேசையில் உள்ள நிரல், முனையத்தில் உள்ள துணை நிரல், கூட்டச் செயலி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இணங்கிய பதிப்புகளாக இருத்தல் வேண்டும். ஒன்று பழையதாயினும் செயலி ஓசைப்படாமல் பழைய நீண்ட வழிக்கே திரும்பிவிடலாம். கூட்டம் நடைபெறும், ஆனால் கரகரக்கும். டீம்ஸ் செயலியின் அமைப்புப் பகுதியில் 'ஆப்டிமைஸ்ட்' என்ற சொல் காணப்படுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஊழியரே அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

இரண்டாவது, முனையத்தின் வலிமை. எழுத்தைக் காட்டுவதற்கென்றே மலிவாக வாங்கிய பழைய முனையங்கள் படத்தைச் சுருக்கும் வேலையைத் தாங்கா. தலைமை அலுவலகத்தில் புதிய முனையங்களில் நடத்திய சோதனையை வைத்துக்கொண்டு, கிளைகளில் உள்ள பழைய முனையங்களையும் மதிப்பிடலாகாது.

மூன்றாவது, காமிராவையும் ஹெட்செட்டையும் யூஎஸ்பி கருவிகளாக அப்படியே மேசைக்குத் திருப்பிவிடும் அமைப்பு. இவ்வாறு திருப்பினால் அவை முனையத்தின் கையை விட்டுப் போய்விடும். குறுக்கு வழி பயன்படாது. இக்கருவிகள் முனையத்திடமே இருக்கவேண்டும்.

நான்காவது, அலுவலகத்தின் காவல் வாயில். சில நிறுவனங்களில் ஊழியரின் இணையப் போக்குவரத்து முழுவதும் விபிஎன் வழியாகத் தலைமையகத்துக்குப் போய்த்தான் வெளியேறும். முனையத்தில் குறுக்கு வழி அமைந்திருந்தும், அக்குரல் மீண்டும் தலைமையகத்தைச் சுற்றியே போகும். கூட்டச் சேவையின் போக்குவரத்தை மட்டும் உள்ளூரிலேயே இணையத்துக்கு விடுதல் வேண்டும்.

காவல் வாயிலில் மற்றொரு நுட்பமும் உண்டு. இணையத்தில் பொட்டலங்களை அனுப்ப டிசிபி, யூடிபி என இரு முறைகள் உள்ளன. டிசிபி பதிவுத் தபாலைப் போன்றது. ஒன்று தொலைந்தால் திரும்ப அனுப்பி, அது வந்து சேரும்வரை பின்னுள்ளவற்றை நிறுத்தி வைக்கும். யூடிபி அவ்வாறு காத்திராது. குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பொட்டலங்களாகச் செல்கிறது. ஒரு துண்டு தொலைந்தால் காது அதனைப் பெரிதாக உணராது. தொலைந்த துண்டுக்காகக் காத்திருந்தாலோ உரையாடலே நின்றுவிடும். காலம் கடந்து வந்த அசையால் பயன் யாது? ஆகவே குரலுக்கு யூடிபியே ஏற்றது. டீம்ஸ் இதற்கென 3478 முதல் 3481 வரையிலான வாயில்களைக் கேட்கிறது. பாதுகாப்புக் கருதி அவற்றை மூடிவிட்ட இடங்களில் செயலி டிசிபிக்கு மாறிவிடுகிறது, தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது.

பாதுகாப்பு அதிகாரிகளின் அச்சத்தை அலட்சியம் செய்வதும் முறையன்று. ஆவணங்களைக் காக்கவே மேசை தொலைவில் வைக்கப்பட்டது. குரலை வெளியே விட்டால் காவல் தளர்ந்துவிடாதா என்று அவர்கள் கேட்பார்கள். வெளியே செல்வது குரலும் முகமும். அவையும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. ஆவணங்களின் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திரையைப் பிறருக்குக் காட்டும் வசதியை யாருக்கு அளிப்பது என்பதை நிறுவனம் தனியே வரையறுக்கலாம். அச்சத்துக்குரிய இடம் அது, குரல் அன்று.

குரலே முதன்மை

1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் பெல் நிறுவனம் படத் தொலைபேசியைக் காட்சிக்கு வைத்தது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அதனை வணிகச் சேவையாகத் தொடங்கியது. மக்கள் அதனை நாடவில்லை. சில ஆண்டுகளில் அது மறைந்தது. குரலை மட்டுமே சுமந்த தொலைபேசியோ உலகெங்கும் பரவியது. முகம் இன்றியும் செய்தி போய்ச் சேரும். குரல் இன்றிப் போய்ச் சேராது என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது.

இந்த முறைமை கூட்டங்களுக்கும் பொருந்தும். குரலுக்கு வேண்டியது விநாடிக்கு ஒரு லட்சம் பிட் அளவிலும் குறைவு. படத்துக்கோ அதனைப்போல் பதினைந்து மடங்கு. நெரிசல் வந்தால் குரலுக்கு முதலில் வழிவிடும்படி அலுவலக ரூட்டர்களில் முன்னுரிமை முத்திரை இடலாம். குரலுக்கு 46, படத்துக்கு 34 என்பன வழக்கில் உள்ள முத்திரை எண்கள். பொது இணையம் இம்முத்திரையை மதிக்காதெனினும், அலுவலகத்தின் உள்வலையில் அது பயன்படும்.

ஊழியர் செய்யக்கூடியவையும் சில உண்டு. வைஃபைக்குப் பதிலாகக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துவது சிறந்தது. எதிரொலியைத் தவிர்க்க ஹெட்செட் அணியலாம். பின்னணியை மங்கலாக்கும் அலங்காரம் பிராசசரை உழைக்கச் செய்வது. முனையம் வலுவற்றதாயின் அதனை விட்டுவிடுவதே நலம். குரல் சிதறினால் முதலில் காமிராவை அணைத்துப் பார்க்கவேண்டும்.

நிறுவனம் செய்யவேண்டியது அளந்து பார்ப்பது. எத்தனை பேர் குறுக்கு வழியில் செல்கின்றனர், எத்தனை பேர் அறியாமலே நீண்ட வழிக்குத் திரும்பியுள்ளனர் என்ற கணக்கை நிருவாகிகள் பெறமுடியும். தாமதம், பொட்டல இழப்பு, வந்துசேரும் நேரத்தில் ஏற்படும் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றையும் கிளைவாரியாகக் குறித்து வரவேண்டும். சராசரியை மட்டும் பார்த்தல் கூடாது. ஆயிரம் பேருக்கு நன்றாக இருக்கும் சராசரி, தொலைக்கிளையில் உள்ள இருபது பேரின் துன்பத்தை மறைத்துவிடும்.

அந்த இருபது பேரைப் பற்றியதே இவ்வளவும். கூட்டத்தில் குரல் சிதறும்போது, கேட்பவர் கம்பியைக் குறை கூறுவது அரிது. பேசுபவர் தயங்குகிறார், தெளிவில்லாதவர் என்று எண்ணிவிடுவது எளிது. அவர் கண்ட பழுது கவனிக்கப்படாமல் போகிறது. அவருடைய தகுதியும் அதனோடு போகிறது. புக்கிட் மெர்தாஜாமில் பேசிய சொல் பாயான் லெப்பாஸுக்குப் போக உலகத்தைச் சுற்றவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆவணம் தொலைவில் பத்திரமாக இருக்கட்டும். குரல் அருகிலுள்ள வழியே போகட்டும். அதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலான நிறுவனங்களின் கையிலேயே இருக்கின்றன. அவை உண்மையில் இயங்குகின்றனவா என்று இன்றே பார்ப்பது, அடுத்த கூட்டத்தில் பேச இருப்பவருக்குச் செய்யும் நீதியாகும்.